சுரைக்காய்க்குப் பூட்டு

பூட்டுக்காரருக்குச் சந்தேகம் தொழிலோடு சேர்ந்து வந்தது. கடைக்கு வருகிற பூட்டெல்லாம் நெம்பிய பூட்டு, உடைத்த பூட்டு, கள்ளச்சாவி நுழைந்து உள்ளே சிதைந்துபோன பூட்டு. நல்லபடியாக இருக்கிற பூட்டை யார் கொண்டுவந்து காட்டுவார்கள்? பல் வைத்தியரிடம் போய் வலிக்காத பல்லைக் காட்டுகிறவர் உண்டா? அதனால் இத்தனை வருடத்தில் அவருக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் திருடர்கள். மீதிப் பேர் இன்னும் நேரம் வாய்க்காதவர்கள்.

ஆனால் மனுஷர் கெட்டவர் இல்லை. யாருடைய சாவிக்கும் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்ததில்லை. காலையில் கடை திறக்குமுன் ஷட்டர் முன்னால் கண்ணை மூடி நின்று, “கடவுளே, இன்னிக்கு நான் வெட்டுற சாவி உரியவங்க கைக்கே போகட்டும்” என்று வேண்டிக்கொள்வார். அப்புறம்தான் அரத்தைக் கையில் எடுப்பார். சாயங்காலம் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலடி போவார். திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்.

“அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா அழுதிடும். பெத்த பிள்ளையை நம்பாத அப்பன் மாதிரி இந்த இழுப்பு இழுக்கிறீங்களே” என்று அவர் மனைவி சொல்வாள்.

அதெல்லாம் அவளுக்கு வாய் இருந்த காலத்துப் பேச்சு. அந்த வீட்டில் பேசுகிறவள் அவள்தான். அவள் பேச, அவர் ‘ம்’ கொட்ட, குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் டம்ளரை எடுக்கப் போன கை டம்ளர் வரைக்கும் போகாமல் விழுந்துவிட்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். வலது கையையும் நாக்கையும் பாதிதான் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து பேசுகிற வேலை பூட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவள் “த...” என்று ஆரம்பிப்பதற்குள், “தண்ணியா? இந்தா” என்று செம்பு வந்துவிடும். சில நேரம் அவள் தலையணை கேட்டிருப்பாள். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள். ரவிக்கைக் கொக்கி அவர் மாட்டுவார், தலை அவர் வாரிவிடுவார், சோறு அவர் பிசைந்து வைப்பார். பாசம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

கடைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார். உள் தாழ்ப்பாளோ சாவியோ அவள் கைக்கு வராது, திறந்து போட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. மத்தியானம் வந்து திறப்பார். அதுவரைக்கும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரம் போகப் போக ஜன்னலையும் விட்டாள். கட்டிலில் படுத்து உள் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே போகலாம் வா, இங்கே போகலாம் வா என்று எவ்வளவோ கூப்பிட்டும் வாசல்படி தாண்ட மாட்டேன் என்றாள். கோணின வாயோடு யார் முகத்தில் முழிப்பது என்று ஒரு வெட்கம்.

அவளுடைய தம்பி வேன் ஓட்டுகிறவன். அவன்தான் ஒருநாள் வந்து சொன்னான்.

“மாமா, ரயில்வே சுவருக்குப் பின்னாடி ஒரு பொதுத் தோட்டம் இருக்கு. ஆளுக்கு ஒரு பாத்தி குடுப்பாங்க. உங்களுக்கும் சொல்லி வச்சிருந்தேன், வந்துடுச்சு.”

“சும்மா குடுக்கிறாங்களா?”

“சும்மாதான்.”

“சும்மா எவன்டா குடுப்பான்? உள்ள என்னமோ இருக்கு.”

“உள்ள மண்ணு இருக்கு மாமா. அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. மனுஷங்க மூஞ்சியைப் பார்க்கிறதுக்குத்தானே வெட்கப்படுது, செடி மூஞ்சியைப் பார்க்கட்டும்.”

அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினாள். பூட்டுக்காரருக்கு அது போதும்.

ரயில்பாதைச் சுவருக்கும் பழைய கிடங்கு ஒன்றுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடந்த நிலம் அது. மூங்கில் தட்டி கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தார்கள். பொதுவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, குப்பை மக்குகிற குழி, மண்வெட்டி கடப்பாரை வைக்கிற கொட்டகை. தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு யார் முறையோ அவர்கள் எல்லார் பாத்திக்கும் சேர்த்து விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாதையைச் செதுக்குவார்கள்.

தோட்டத்துக்குப் பொறுப்பு ஒரு ரொட்டிக்கடைக்காரர். விடியுமுன் அடுப்படியில் நின்று நின்று புருவம் கருகிப்போனவர். முதல்நாள் அவர் எல்லாரையும் உட்காரவைத்து வழக்கங்களைச் சொன்னார். “புதுசா வர்றவங்களுக்கு முதல் பருவம் ஒரு பரீட்சை. அறுவடை முடிஞ்சு கூட்டம் போடுவோம். எல்லாரும் சரின்னா பாத்தி உங்களுக்கே. இல்லைன்னா காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும். அடுத்தது யாரு?”

“என் தங்கச்சி” என்றாள் பக்கத்துப் பாத்திக்காரி. பேருந்து நடத்துநர். அங்கே எல்லாருக்கும் கண்டக்டரம்மா. ஆள் இருக்கிற இடத்துக்கு முன்னாடியே குரல் வந்து சேர்ந்துவிடும்.

பூட்டுக்காரர் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. பக்கத்துப் பாத்திக்காரியின் தங்கை நம் பாத்திக்குக் காத்திருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கச்சி என்றால் எவ்வளவு வசதி. அதற்கு மேல் ரொட்டிக்கடைக்காரர் சொன்னது எதையும் அவர் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் கண் கொட்டகைக் கதவில் போய் நின்றுவிட்டது. கதவுக்குப் பூட்டு இல்லை. ஒரு கயிற்றைச் சுற்றிவைத்திருந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. எழுந்து போய் அந்தக் கயிற்றை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது வழக்கங்கள் முடிந்துவிட்டிருந்தன. அவர் மனைவி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருந்தாள்.

சுரை போட்டார்கள். விதை அவளுடைய தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்தது. பந்தல் போட்டதும் கொடி கிடுகிடுவென்று ஏறிற்று. ஒரு கிளை மட்டும் வேலியைத் தாண்டிக் கண்டக்டரம்மா பக்கம் இறங்கியது. அதில் ஒரு பிஞ்சும் விட்டது. பூட்டுக்காரர் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அந்தப் பக்கம் போனது போனதுதான் என்று கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்.

ஆனால் அவள் மாறினாள். பந்தலுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தால் காய்கள் அவள் தோளுக்கு நேராகத் தொங்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, தயாராகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நேராக உட்கார்ந்திருப்பாள். அந்தச் செருப்பைப் பார்த்த அன்று பூட்டுக்காரர் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, “கடவுளே, இந்த மண்ணை மட்டும் எங்ககிட்டயிருந்து எடுத்துடாதே” என்றார். பாத்தி போனால் அவள் மறுபடியும் கட்டிலுக்குப் போவாள், அந்தச் சுவரைப் பார்ப்பாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பயம் வந்த இடத்தில் சந்தேகத்துக்குப் பாய் விரிக்க வேண்டியதில்லை. அது தானே வந்து உட்காரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தள்ளுவண்டிச் சக்கரம் சுற்றவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போய் எண்ணெய் விட்டுச் சரிசெய்து திரும்பி வந்தால், இருப்பதிலேயே பெரிய காயின் காம்பில் ஒரு துணிக் கீற்று கட்டியிருந்தது. காக்கித் துணி.

“யாரு கட்டினது?” என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரம் என்னமோ அசைந்தது.

“கண்டக்டரம்மாவா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“பயப்படாதே, சொல்லு. மிரட்டினாளா?”

அவள் “நா...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். மிரட்டித்தான் இருக்கிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

கீற்றைக் குனிந்து பார்த்தார். பூட்டில் ஒரு கீறல் இருந்தால், நெம்பினது இடது கையா வலது கையா என்று சொல்கிறவர் அவர். இந்த முடிச்சு ஒரு கையால் போட்ட முடிச்சு. துணியின் ஒரு முனையில் பல் பதிந்த தடம் இருந்தது. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு முனையை ஒரே கையால் இழுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இன்னொரு கையில் என்ன இருந்தது? கத்தியாகத்தான் இருக்கும். அது வரைக்கும் போனார்.

மச்சினனிடம் சொன்னார். அவன் வேன் கதவில் சாய்ந்துகொண்டு தீவிரமாகக் கேட்டான். மாமாவுக்கு இந்த அளவுக்கு எண்ணெய் ஊற்றுகிற ஆள் உலகத்தில் வேறு இல்லை.

“இது அடையாளம் மாமா. கொள்ளைக்காரங்க வீட்டுக்கு வெளியே கோடு போட்டு வைப்பாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“சுரைக்காய்க்குமா?”

“இன்னிக்குச் சுரைக்காய். நாளைக்குப் பாத்தி. காயைக் கட்டினவன் கொடியைக் கட்ட மாட்டானா?”

“போடா, நீ வேற” என்றார். ஆனால் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். திரும்பி வந்தால் இன்னொரு காயில் ஒரு கீற்று, வெள்ளைத் துணி, அதில் மாவு வாசனை. ரொட்டிக்கடைக்காரர் இடுப்பில் கட்டுகிற துணி. அதற்கடுத்து, கொட்டகைக் கீல் கழன்றுவிட்டது, நீங்கள்தான் வரணும் என்றார்கள். வந்து பார்த்தால் வெளிர்நீலக் கீற்று. எதிர்ப் பாத்தியில் கீரை போடுகிற ஓய்வுபெற்ற நர்ஸம்மாவின் பழைய சேலை அந்த நிறம். காக்கி யாருடையது என்று சொல்லவே வேண்டாம்.

ஆக எல்லாரும் கூட்டு. ஒருத்தர் அவரை எட்டத்தில் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார், இன்னொருத்தர் வந்து கட்டிவிட்டுப் போகிறார். சரி, இந்தக் கீலைப் பார்ப்போம் என்று கொட்டகைக் கீலை அவர் உற்றுப் பார்த்தார். திருகாணி தானாகக் கழன்றது இல்லை. யாரோ கழற்றினது. பூட்டுக்காரனிடமா காதுகுத்தப் பார்க்கிறீர்கள் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, திருகாணியை முடுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பினார்.

இன்னும் ஒன்றையும் கவனித்தார். முடிச்சு வாரத்துக்கு வாரம் நன்றாகிக்கொண்டு வந்தது. முதல் முடிச்சு தொளதொளவென்று இருந்தது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் இறுக்கம். நீலத்தில் பல் தடமே இல்லை. இரண்டு கையாலும் போட்டது, ஒரு பக்கம் மட்டும் இழுப்புக் குறைவு.

‘பழகிட்டு வர்றாங்க’ என்று நினைத்தார். ‘துணிச்சல் கூடிட்டு வருது.’

அவர் வந்தால் பேச்சு நின்றது. நர்ஸம்மா அவர் மனைவி பக்கத்தில் குனிந்து என்னமோ சொல்வாள். அவரைக் கண்டதும், “கீரையில பூச்சியடிக்குது, அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்” என்று எழுந்து போவாள். கீரையைப் போய்ப் பார்த்தார். ஒரு பூச்சி இல்லை. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதையென்று தாண்டவும் முடியாமல் மனுஷர் தவித்தார். சண்டை போட்டால் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். சும்மா இருந்தால் முழுங்கிவிடுவார்கள்.

கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கடையிலிருந்ததில் கனமான பூட்டை எடுத்துவந்து, பாத்தித் தட்டிக்கதவில் சங்கிலி போட்டுப் பூட்டினார். அந்தத் தோட்டத்திலேயே அதுதான் முதல் பூட்டு. இழுத்துப் பார்த்தார். மூங்கில் தட்டி மொத்தமும் கூட ஆடிற்று.

வேலிக்கு மேலே கண்டக்டரம்மாவின் தலை தெரிந்தது.

“என்னங்கண்ணே, சுரைக்காய் ஓடிப்போயிடுமா?”

“காலம் கெட்டுக் கிடக்குதும்மா.”

“இந்தத் தட்டியை ஒரு கோழி முட்டினா விழுந்துடும். அதுக்கு இவ்வளவு பெரிய பூட்டா? கோவணத்துக்குக் கஞ்சி போட்ட கதையா இல்ல இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“தண்ணி முறைக்காரங்க எப்படி உள்ள வருவாங்க?”

“நானே ஊத்திக்கிறேன்.”

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தாள். அவளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ போய்வந்தது. அது என்னவென்று பிடிக்க அவரால் முடியவில்லை. பூட்டு போட்ட பிறகும் தூக்கம் வராத ராத்திரி அவருக்கு அதுதான் முதல் தடவை.

கூட்டத்துக்கு முந்தின நாள் தொட்டியில் வாளியை முக்கும்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. கண்டக்டரம்மா குரலை அடக்கிப் பேசினால்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் ரயிலுக்குக் கேட்கும்.

“நாளைக்குக் கூட்டத்துலயே வச்சுக்கலாம். அதுவரைக்கும் அவர் காதுக்குப் போகக் கூடாது.”

“போனா கெடுத்துடுவார்” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

“பாவம், அவரும்தான்” என்றாள் நர்ஸம்மா.

வாளி தொட்டியிலேயே மிதந்தது. அப்படியானால் நாளைக்குத்தான். கட்டின காயெல்லாம் அவர்களுடையது, பாத்தி தங்கச்சியுடையது, மேலே ஒரு ‘பாவம்’ போனஸ். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போகட்டும் என்று பாத்திக்குள் போய்க் கத்தியை எடுத்தார். கட்டின காய் ஒவ்வொன்றையும் காம்போடு அறுத்தார்.

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். “வே... வே...” என்றாள்.

“வேகமாத்தான் அறுக்கிறேன். நீ உக்காரு.”

சாக்கில் போட்டுக் கட்டி, ஒரு கையில் சாக்கு, ஒரு கையில் அவள் என்று வீட்டுக்கு வந்து, கதவை உள்ளே பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

சமையலறைத் தரையில் காய்களைப் பரப்பினார். பிஞ்சாக இருந்தால் சமைக்கலாம், முற்றியிருந்தால் குடுவையாவது செய்யலாம். இவை இரண்டும் இல்லை. நகம் இறங்காத தோல், உள்ளே தக்கையான சதை, பால் வற்றாத விதை. அவள் தரையில் உட்கார்ந்து ஒரு காயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணீர் வாயின் கோணல் வழியாக இறங்கியது.

“அழாதே. நம்ம காயை நாம காப்பாத்திட்டோம். அவங்க எல்லாரும் சேர்ந்து...”

அவள் தலையை ஆட்டினாள். “வா...”

“வாங்கிட்டுப் போகப் பார்த்தாங்க. அதானே சொல்றே? எனக்குத் தெரியாதா?”

அப்போது அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

பொத்தினது வலது கை. அவருக்கு முதலில் அது உறைக்கவில்லை. விரல்கள் லேசாக நடுங்கின, ஆனால் வாயைவிட்டு நகரவில்லை. இன்னொரு கையால் அவள் காம்பிலிருந்து காக்கிக் கீற்றை அவிழ்த்தாள். அப்புறம் வாயிலிருந்து கையை எடுத்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்து, அதைச் சுற்றித் துணியைக் கொண்டுவந்தாள். ஒரு முனை நழுவிற்று. மறுபடியும் எடுத்தாள். அவர் கை உதவிக்குப் போயிற்று. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

முடிச்சு விழுந்தது. இரண்டு கையாலும் போட்டது, ஒரு பக்கம் மட்டும் இழுப்புக் குறைவு.

ஆயிரம் பூட்டைப் படித்த கண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

“நீயா?”

“நான்... தான்.”

அவர் வாயைத் திறந்தார். அவள் விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டார். பக்கவாதத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அவள் பேச்சு முடிகிற வரைக்கும் ஒருத்தர் காத்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மாதிரி, ஒன்று மேலே வந்த பிறகுதான் அடுத்தது.

“விதைக்கு... கேட்டாங்க. வழக்கம்... அங்க. கேட்கிறவங்க... துணி தருவாங்க. பாத்திக்காரங்க... தன் கையால... கட்டணும். கட்டினா... வாக்கு. அறுக்கக்... கூடாது.”

முதல்நாள் ரொட்டிக்கடைக்காரர் சொன்ன வழக்கம். அவர் கொட்டகைக் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னது.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

அவள் அவரையே பார்த்தாள். “சொன்னா... நீங்களே... கட்டிடுவீங்க.”

அவர் தரையைப் பார்த்தார்.

“நர்ஸம்மா... சொன்னாங்க. கட்டக் கட்ட... கை வரும்னு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “கதவு. நானே... திறக்கணும்.”

பூட்டுக்காரர் கதவைத் திரும்பிப் பார்த்தார். தினமும் காலையில் வெளியே நின்று அதை இழுத்துப் பார்க்கிறவர் அவர். உள்ளே இருந்து அதைக் கேட்கிற மனுஷியின் காதுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று இதுவரைக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கு அவளைவிட அவருக்குத்தான் நாக்குக் குழறிற்று.

மறுநாள் காலையில் காய்களையெல்லாம் மறுபடியும் சாக்கில் கட்டித் தோளில் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் நடை. வாக்குக் கொடுத்த காயை அறுத்தவனுக்குப் பாத்தி இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், சொல்வதும் நியாயம்தான். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் கட்டிலுக்குப் போவாள். வழி நெடுக, “கடவுளே, தப்பு என்னுது. தண்டனையை அவளுக்குக் குடுக்காதே” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எல்லாரும் அவர் பாத்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டின தட்டிக்கதவும், வேலிக்கு மேலே கட்டின காய் இல்லாத பந்தலும் தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். அவர் சாக்கை இறக்கி வாயை அவிழ்த்தார். வெள்ளைக் கீற்றும் நீலக் கீற்றுமாகக் காய்கள் வெளியே வந்தன.

“நான்தான் அறுத்தேன். நீங்க எல்லாம் சேர்ந்து இந்தப் பாத்தியைப் புடுங்கச் சதி பண்றீங்கன்னு நெனச்சேன்.”

ரொட்டிக்கடைக்காரர் கருகின புருவத்தைச் சொறிந்தார்.

“சதிதான்” என்றார். “அதை ஒத்துக்கணும். கீலை நான்தான் கழட்டினேன்.”

“தெரியும். திருகாணியில ரொட்டி மாவு இருந்துச்சு.”

“குழாயைக் கெடுத்தது நானு” என்றாள் நர்ஸம்மா. “உங்களை அந்தப் பக்கம் அனுப்பாம இவங்க கையை வெளியே எடுக்கவே மாட்டாங்க. இன்னிக்குக் கூட்டத்துல உங்க எதிர்ல ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டணும்னு இருந்தாங்க. அதுக்குள்ள நீங்க...”

“அறுத்துட்டேன்” என்றார். நர்ஸம்மா சொல்லி முடிக்குமுன் தானே முடித்துவிட்டோம் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரொட்டிக்கடைக்காரர் காயைத் தட்டிப் பார்த்தார். “ஒண்ணுகூட விதைக்கு ஆகாது. கட்டின காயை அறுத்தா பாத்தி போயிடும். அது வழக்கம். எனக்கு வேண்டியவர்னு மாத்த முடியாது. அடுத்தது உன் தங்கச்சிதானேம்மா?”

பூட்டுக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மணிக்கட்டில் காக்கித் துணி இன்னும் இருந்தது.

கண்டக்டரம்மா தன் பாத்திக்குள் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் தொங்கின கொடியைத் தூக்கிக் காட்டினாள். இலைக்கு அடியில் ஒரு காய், பழுத்த மஞ்சளும் பச்சையுமாக, காம்பு காயத் தொடங்கியிருந்தது. காம்பில் சிவப்புத் துணி.

“இது என் தங்கச்சி குடுத்த துணி. அவளுக்கும் விதை வேணுமாம். உங்க வீட்டு அக்கா வேலி இடுக்குல கையை விட்டுக் கட்டினாங்க. கையை வெளியே எடுக்க நாங்க பட்ட பாடு இருக்கே!” என்றாள். “அண்ணன் இதை ஏன் அறுக்கலை?”

“அந்தப் பக்கம் போனது... உங்களுதுன்னு விட்டுட்டேன்” என்றார் மெல்ல.

“நான் திருடிட்டேன்னு நெனச்சு விட்டீங்க. நல்லவேளை, என்னைத் திருடின்னு நெனச்சீங்க. இல்லைன்னா இதுவும் போயிருக்கும்.”

அப்போதுதான் சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தது அவர் மனைவி. கோணின வாயை மறைக்காமல் சிரித்தாள்.

“ஒரு காய்ல ஊருக்கே விதை இருக்கு” என்றாள் நர்ஸம்மா. “கேட்ட எல்லாருக்கும் பங்கு வச்சாலும் மிஞ்சும். வாக்கு நின்னுடுச்சுல்ல?”

“வாக்கு யாருது?” என்றாள் கண்டக்டரம்மா. “கட்டினவங்களுது. கட்டினவங்க அறுக்கலையே. பாத்தி அக்கா பேர்ல இருக்கட்டும். என் தங்கச்சி இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பா. மாப்பிள்ளைக்கே அத்தனை வருஷம் காத்திருந்தவ, கத்திரிக்காய்க்கு என்ன அவசரம்?”

ரொட்டிக்கடைக்காரர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “சரி. அம்மா பேர்ல. அவங்க சொன்னாத்தான் இவர் உள்ள வரலாம். ஆனா அந்தப் பூட்டு...”

பூட்டுக்காரர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். பழக்கதோஷத்தில் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்கப் போய், பாதியில் நிறுத்தி, அவளிடம் நீட்டினார். அவள் வலது கையில் வாங்கினாள். சாவி துவாரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் முட்டிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. உதவிக்குப் போகாமல் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை, பின்னால் கட்டிக்கொண்ட அவர் கைகளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது அவர் கடையிலேயே கனமான பூட்டு. உள்ளே கிளிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு புதுத் தாழ்ப்பாள் வந்தது. பெரிய கைப்பிடியோடு, லேசாகத் தள்ளினால் திறக்கிற மாதிரி அவரே செய்தது. காலையில் அவர் வெளியே வந்ததும் உள்ளேயிருந்து அவள் போட்டுக்கொள்வாள். கடைக்கு நடக்கும்போது பாதி வழியில் அவர் கால் தன்னால் நின்று திரும்பும். அப்புறம் நடக்கும்.

பந்தலில் கடைசிப் பிஞ்சு ஒன்று விட்டது. அது கொஞ்சம் கனத்த பிறகு ஒரு சாயங்காலம் அவர் தட்டிக்கதவுக்கு வெளியே நின்று, “வரலாமா?” என்று கேட்டார். வரலாம் என்று அவள் தலையசைத்தாள். உள்ளே வந்து, பட்டறைச் சட்டையிலிருந்து கிழித்த எண்ணெய்க்கறைக் கீற்று ஒன்றை நீட்டினார்.

“எனக்கும் விதை வேணும்.”

அவள் கீற்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அப்புறம் கட்டினாள். அவள் கட்டி முடித்ததும் அவர் கை சும்மா இருக்கவில்லை. முடிச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தது.

“இழுக்காதீங்க” என்றாள். “காய்... விழுந்துடும்.”